ஒன்பதாவது வரி

டைம்கீப்பர் ஜெபம் செய்வதைப் பக்கத்திலிருந்து கேட்டால் ஆண்டவரை நினைத்துப் பாவமாக இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து கட்டிலோரம் முழங்கால் போடுவார். போட்டதும் அன்றைய வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார். மனைவியின் மூட்டுவலி இந்த வாரத்துக்குள் குறைய வேண்டும். மேனேஜர் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். மகன் ஓட்டும் பஸ்ஸுக்குக் குறுக்கே எவனும் வரக் கூடாது. வந்தால் பிரேக் பிடிக்க வேண்டும். பிடித்தால் பின்னால் வருகிறவன் இடிக்கக் கூடாது. எல்லாம் சொல்லி முடித்து, ‘உமது சித்தப்படி ஆகட்டும்’ என்று ஒரு வரி. மனுவின் அடியில் ‘இப்படிக்கு’ போடுகிற மாதிரிதான் அதுவும்.

“இன்னிக்கு ஆண்டவருக்கு எத்தன மணிக்கு டியூட்டி?” என்று மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள்.

“கிண்டல் பண்ணாத. இந்த வீட்ட யாராவது ஒருத்தர் பாத்துக்கணும்ல?”

“அதத்தான் நானும் சொல்றேன். யாராவது ஒருத்தர் பாத்துக்கிட்டா போதும்.”

பஸ் டிப்போவில் அவருக்கு டியூட்டி சார்ட் எழுதும் வேலை. பதினாறு ரூட், பதினாறு டிரைவர்கள். ஒரு பெரிய தாளில் பதினாறு வரி. சனிக்கிழமை மத்தியானம் அடுத்த வாரத்துக்கான சார்ட் எழுதி வாசலில் ஒட்டுவார். விதி ரொம்ப எளிது: ஒவ்வொரு டிரைவரும் வாரத்துக்கு ஒரு வரி கீழே இறங்க வேண்டும். நல்ல ரூட்டும் கெட்ட ரூட்டும் எல்லாருக்கும் சுற்றி வரும். சொந்தம், பந்தம், சிபாரிசு எதற்கும் அதில் இடமில்லை. லீவு, காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஏதாவது வரும் என்பதால் பென்சிலில் எழுதுவது வழக்கம். பென்சிலும் ரப்பரும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

ஒன்பதாவது வரி மலை ரூட். காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினால் எட்டு பத்துக்கு மேலே போய்ச் சேரும். வழியில் செல்போன் எடுக்காது. அதனால் கண்டக்டர் மலைமேல் உள்ள ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டு, “வந்து சேர்ந்தாச்சு” என்று டைம்கீப்பரிடம் சொல்லியாக வேண்டும். அவர் அதைக் குறித்துக்கொள்வார்.

அவரும் ஒரு காலத்தில் டிரைவர்தான். ஒரு மழைநாளில், பதினோராவது வளைவில், அவர் ஓட்டிய பஸ்ஸின் பின்சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு வெளியே போய் அந்தரத்தில் நின்றது. முப்பத்தெட்டு பேர் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்த அந்த நாலு நிமிஷத்தை அவர் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஆபீஸ் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டியரிங் பக்கமே போகவில்லை.

அப்படிப்பட்டவரின் ஒரே மகன் போயும் போயும் டிரைவராக வந்து சேர்ந்தான். அதே டிப்போ. ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் அவன் நம்பர் ஆறு தடவை ஒன்பதாவது வரிக்கு வந்தது. ஆறு தடவையும் அவர் ரப்பரை எடுத்தார். ஒரு தடவை வண்டி ஒர்க்‌ஷாப்பில் என்றார், ஒரு தடவை யாரோ லீவு என்றார். இருபத்தாறு வருஷமாக நேர்மைக்குப் பேர்போன மனிதர் என்பதால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. மகனுக்கே தெரியாது.

ஆறாவது தடவை அவர் மாற்றிப் போட்டது பாட்டுக்காரரை.

பாட்டுக்காரர் பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள டிரைவர். இவர்கள் போகும் சபையில்தான் அவரும். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பாடுவார், மற்ற ஆறு நாளும் பஸ்ஸில் பாடுவார். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஏறும் பயணிகளும் உண்டு. டைம்கீப்பரை வாய் நிறைய அண்ணே என்பார். அவர் மனைவியும் அப்படியே. அந்தச் சனிக்கிழமை சார்ட்டைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றார்.

“அண்ணே, இந்த வாரம்தானே மலைக்குப் போய்ட்டு வந்தேன். மறுபடியும் மலையே போட்டிருக்கு? அடுத்து எனக்கு டவுன்தானே வரணும்?”

டைம்கீப்பர் தலையை நிமிர்த்தவில்லை. “ரெண்டு பேரு லீவு. சுத்து அப்படி விழுந்திருக்கு. நான் என்ன பண்றது?”

“வியாழக்கிழமை வீட்டுக்காரிய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன்.” பிறகு சிரித்தார். “பரவால்ல விடுங்க. சுத்துல விழுந்ததுன்னா அது கர்த்தர் போட்ட டியூட்டி. நம்ம என்னத்த மாத்தறது?”

அந்த நிமிஷம் டைம்கீப்பரின் ரப்பரில் மகனுடைய நம்பரின் தூள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊதித் தட்டிவிட்டு ரப்பரைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை மழை. எட்டு பத்துக்குப் போன் வரவில்லை. எட்டரைக்கும் வரவில்லை. எட்டு ஐம்பதுக்கு வழியில் ஏதோ ஒரு கடையிலிருந்து கண்டக்டர் பேசினான். அழுகையில் பாதி வார்த்தை விளங்கவில்லை. ஏழாவது வளைவில் மேலேயிருந்து பாறை சரிந்து டிரைவர் பக்கம் விழுந்திருந்தது. பயணிகள் லேசான அடியோடு தப்பிவிட்டார்கள். பாட்டுக்காரர் அங்கேயே முடிந்துவிட்டார்.

டைம்கீப்பருக்கு முதலில் வந்தது துக்கமில்லை. ‘என் பிள்ளை இல்லை’ என்பதுதான் வந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல உடம்பு லேசானது. போனைக் கையில் பிடித்தபடி, “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்று அவர் வாய் சொல்லிவிட்டது. அடுத்த மூச்சில்தான் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

பாட்டுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேதி சொன்னதும் அவர்தான். பாட்டுக்காரர் மனைவி டாக்டரிடம் போவதற்காக மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “நம்ம பையன் போயிருக்க வேண்டிய வாரம் அது” என்றார். எப்படி மாறியது என்று சொல்லவில்லை. பாவம், அவள் அதைத் தன் மட்டுக்கும் வைத்துக்கொள்கிற ஆளா? பெண்கள் ஜெபக்கூட்டத்தில் அழுதுகொண்டே சொல்லிவிட்டாள். கர்த்தர் கடைசி நிமிஷத்தில் சார்ட்டை மாற்றிவிட்டார் என்று சபை முழுக்கப் பேச்சு. பாஸ்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வர்ற ஞாயிறு நீங்க சாட்சி சொல்லணும். தேவன் நடத்துற விதத்த ஜனங்க கேக்கணும்” என்றார்.

அதை விடக் கொடுமை, பாட்டுக்காரர் மனைவியே அவரிடம் வந்து சொன்னதுதான். அடக்கம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆராதனை முடிந்து செருப்புப் போடும் இடத்தில் நின்றார்கள்.

“கேள்விப்பட்டேன் அண்ணே. எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. கர்த்தர் போட்ட டியூட்டின்னு சிரிச்சிக்கிட்டேதான் சொல்லிட்டுப் போனாரு. அந்த ஒரு வார்த்தையப் பிடிச்சிக்கிட்டுத்தான் நான் நடமாடிட்டு இருக்கேன். உங்க பையன விட்டுட்டு இவர எடுத்துக்கிட்டாருன்னா அதுல ஏதோ இருக்கும். நமக்குப் புரியாது.”

அவர் “ம்” என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். ஆறு தடவை, ரப்பர், லீவு என்று சொன்ன பொய், எல்லாம். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

“சபையில எந்திரிச்சு இதச் சொல்லப் போறீங்களா?”

“சாட்சி சொல்லச் சொல்லியிருக்காங்க. பொய்ச் சாட்சியா சொல்ல முடியும்?”

“உடம்பு சரியில்லன்னு வீட்ல படுத்துக்கங்க. அந்தப் பொண்ணுக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு ஆறுதல்தான். அதையும் பிடுங்கிட்டு நீங்க பாரத்த இறக்கி வைக்கப் போறீங்க. அது மனசாட்சியா, சுயநலமா?”

நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து காலையில் முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை. என்ன கேட்பது? சொல்லு என்று வழி காட்டும்படியா, சொல்லாதே என்றா? இத்தனை வருஷம் ஆண்டவரிடம் அவர் எதையும் கேட்டதில்லை, சொல்லித்தான் பழக்கம். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க அவருக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது: அவள் பிடித்துக்கொண்டிருப்பது கர்த்தரை அல்ல, தன்னுடைய ரப்பரை. அதைக் கர்த்தர் என்று நம்பிச் சாகும்வரை அவள் பிடித்துக்கொண்டிருக்கட்டும் என்று விட முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்தார். மைக்கை வாங்கிக்கொண்டார்.

“சார்ட்ட கர்த்தர் மாத்தல. நான் மாத்தினேன்” என்றார். “என் பையன் நம்பர் இருந்த இடத்துல அவர் நம்பரப் போட்டேன். கேட்டதுக்குச் சுத்து அப்படி விழுந்ததுன்னு பொய் சொன்னேன். கர்த்தர் போட்ட டியூட்டின்னு அவர் நம்பிட்டுப் போனாரு. போட்டது நான்.”

பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் “ஸ்தோத்திரம்” என்று ஆரம்பித்து, பாதியில் விழுங்கிக்கொண்டார். பாட்டுக்காரர் மனைவி வேதப்புத்தகத்தை மூடினாள். எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி, வெளியே போனாள். போகும்போது அவர் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள்.

“டவுன் வண்டி எத்தன மணிக்கு முடியும், சார்?”

அண்ணே என்பது சார் ஆகிவிட்டது.

“ரெண்டு மணிக்கும்மா.”

“டாக்டர் மூணு மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தாரு” என்றாள். நடந்து போய்விட்டாள்.

மகன் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. “ஆறு தடவ எனக்குப் பதிலா வேற ஒருத்தர அனுப்பியிருக்கீங்க. டிப்போவுல நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வண்டி எடுக்கறது?” என்று கத்தினான். அவர் தலை குனிந்து, “நீ உயிரோட இருக்க” என்றார். அதுதான் அவரிடம் கடைசியாக மிச்சமிருந்த சாக்கு. மகன் அதையும் விட்டு வைக்கவில்லை. “நான் அந்த ரோட்டுல ஒரு தடவகூடப் போனதில்ல. மழையில தட்டுத்தடுமாறி உருட்டிட்டுப் போயிருப்பேன். அந்த வளைவுக்கு நான் வரும்போது பாறை விழுந்து கால் மணி ஆகியிருக்கும். யாருமே செத்திருக்க மாட்டாங்கப்பா.”

அப்படித்தான் ஆகியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? ஆகியிருக்காது என்றும் யாரால் சொல்ல முடியும்? டைம்கீப்பருக்கு அந்தக் கால் மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டது. விழித்திருக்கும் நேரமெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிள்ளையைக் காப்பாற்றினேன் என்ற எண்ணமும் போயிற்று.

மேனேஜரிடமும் எழுதிக் கொடுத்தார். சார்ட் வேலையிலிருந்து தூக்கி, கேட்டில் உட்கார வைத்தார்கள். ஒரு ஸ்டூல், ஒரு நோட்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போகிறது, எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்று குறிப்பதோடு சரி. டிரைவர்கள் அவரைப் பார்க்காமலே ஹாரன் அடித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு மாதம் கழித்து, பணியில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் வேலை பாட்டுக்காரர் மனைவிக்குக் கிடைத்தது. படித்தவள், முத்து முத்தாக எழுதுவாள் என்று மேனேஜர் அவளைச் சார்ட் எழுதும் நாற்காலியில் உட்கார வைத்தார். முதல் சனிக்கிழமையே அவள் பென்சிலை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, நீலப் பேனாவில் எழுதினாள். தினமும் கேட்டைத் தாண்டித்தான் வருவாள், போவாள். “குட் மார்னிங் சார்” என்பாள். அவ்வளவுதான்.

டைம்கீப்பர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பதினாறு வரி, பதினாறு வாரம். மகனுடைய நம்பர் ஒவ்வொரு வாரமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஆறாவது வரி, ஏழாவது, எட்டாவது. அதற்குள் மறுபடி மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மருமகளுக்கு ஐந்தாம் மாதம். மனைவி, “அந்தப் பொண்ணுகிட்டப் போய்க் கால்ல விழுந்தாவது கேளுங்க” என்றாள். சாட்சி சொல்ல வேண்டாம் என்ற அதே வாய்தான். தாயல்லவா?

சனிக்கிழமை மத்தியானம் பாட்டுக்காரர் மனைவி சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். அவருடைய நோட்டின்மேல் விரித்தாள். பதினைந்து வரிகள் மையில் பளிச்சென்று இருந்தன. ஒன்பதாவது வரி மட்டும் காலி.

“மத்ததெல்லாம் எழுதிட்டேன். இதுக்குக் கை வரல” என்றாள். “நான் எழுதினா, பழி வாங்கிட்டேன்னு நானே என்னைச் சொல்லுவேன். வேற ஒருத்தர் நம்பரப் போட்டா நீங்க பண்ணினதையே நானும் பண்ணினதா ஆகும். ரெண்டு நாளா ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன், சார். ஒண்ணும் தெரியல.”

பேனாவை அவர் முன்னால் வைத்தாள். வைத்த கையை உடனே எடுத்துக்கொண்டாள்.

“நீங்களே எழுதுங்க. யாரப் போட்டாலும் நான் கேக்க மாட்டேன். அப்படியே ஒட்டிடுவேன்.”

அவள் மனதார அப்படிச் சொன்னாள். அதுதான் அவரை உலுக்கியது. ஒரு நம்பர் மாற்றி எழுதினால் போதும், கேட்க ஆளில்லை. பழைய டைம்கீப்பர் அவருக்குள் துள்ளி எழுந்து கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்: நாலாம் நம்பர் கல்யாணமாகாதவன், பத்தாம் நம்பர் மலையில் பழகினவன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பதினோராவது வளைவில் அந்தரத்தில் சுற்றிய சக்கரம் கண்முன் வந்தது. மருமகளின் வயிறு வந்தது. ஆண்டவரே என்று உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. சத்தமோ, சமாதானமோ, ஒரு வசனமோ வரவில்லை. தாள்தான் இருந்தது, அதில் ஒரு காலி வரி.

நம்பிக்கை வந்த பிறகு பிடியை விடுவது என்று அவர் நினைத்திருந்தார். அது வருகிற வழியாகத் தெரியவில்லை. வராமலேயே மகனுடைய நம்பரை எழுதினார். ஏழு. ஏழின் வால் கோணிக்கொண்டு போய்ப் பத்தாவது வரியை இடித்தது.

“விழுந்தபடி இருக்கட்டும்மா” என்றார். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. அவள் சமாதானம் சொல்லவில்லை. மை காயும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு சார்ட்டை எடுத்துப் போய் வாசலில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை தூறல். ஐந்து நாற்பதுக்கு மலை வண்டி கேட்டுக்கு வந்தது. மாதக் கணக்கில் அப்பாவின் முகத்தைப் பார்க்காத மகன் கண்ணாடியை இறக்கினான்.

“பதினோராவது வளைவுல கியர் எதுப்பா?”

“ரெண்டு. அவசரப்படாத.”

அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அவர் நோட்டில் நேரத்தைக் குறித்தார். பிறகு ஜெபிக்கக் கண்ணை மூடினார். வழக்கமான பட்டியல் நுனிநாக்குவரை வந்தது: மழை நிற்க வேண்டும், பாறை அசையக் கூடாது, பிரேக்… அங்கேயே நிறுத்திக்கொண்டார். “ஆண்டவரே” என்றார். அதற்குமேல் எதையும் சேர்க்கவில்லை. அத்தனை சின்ன ஜெபத்தை அவர் வாழ்நாளில் செய்ததில்லை.

எட்டு பத்து ஆனது. போன் இருப்பது அவள் அறையில். எழுந்து போய் ஜன்னலில் எட்டிப் பார்க்கலாம்; இருபது அடி தூரம்தான். அவர் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு இருபது. எட்டு இருபத்தைந்து. ஒரு வண்டி உள்ளே வந்தது. குறித்தார். எழுத்து அவருக்கே விளங்கவில்லை. எட்டரைக்கு உள்ளே போன் அடித்தது. நாலு தடவை அடித்தபின்தான் அவள் எடுத்தாள். அவளுக்கும் கை வந்திருக்காது.

கதவு திறந்தது. குடையில்லாமல் தூறலில் நடந்து வந்தாள். முகத்தைப் பார்த்து அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளும் அழுதிருந்தாள். அந்த வியாழக்கிழமை தன் கணவருக்காக வராத போன் இப்போது இன்னொருத்தர் பிள்ளைக்காக வந்து, அதை அவளே எடுத்திருந்தாள்.

“வந்து சேர்ந்தாச்சாம், அண்ணே” என்றாள்.

அவர் எழுந்து நின்றார். ஸ்தோத்திரம் என்று சொல்ல வாய் வந்தது. அவள் முன்னால் அதைச் சொல்ல நா எழவில்லை. நோட்டை எடுத்து எட்டு முப்பது என்று எழுதினார்.

“நாளைக்கும் இவன்தான்” என்றார்.

“ஆமா. சனிக்கிழமை வரைக்கும்” என்றாள் அவள்.

மழை வலுத்தது.